விபத்துக் காயமும் வைத்தியர் கூலியும்: ஃபிக்ஹு வரலாற்றில் ஒரு பார்வை

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். காயமுற்றோர் 4,43,366 பேர். ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. இறந்தவர் வீட்டில் துக்கம் நுழைகிறது. காயமுற்றவர் வீட்டிலோ துக்கத்தோடு கடனும் சேர்ந்து நுழைகிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கேட்கப்படும் இரவில் வீட்டுப் பெண்களின் நகைகள் அடகுக் கடைக்குப் போகின்றன. அதுவும் போதாதபோது, அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் துண்டு விரிக்கப்படுகிறது. இவற்றைக் காணாத மஹல்லா நம்மிடையே இல்லை.

பிழையாக நேர்ந்த காயத்தின் செலவை யார் ஏற்பது? காயப்படுத்தியவரா, காயமுற்றவரா, இருவரையும் சூழ்ந்துள்ள சமுதாயமா? மோட்டார் வாகனம் தோன்றியதற்குப் பின்னரே இக்கேள்வி பிறந்தது என்று எண்ணுவோர் உளர். நம் ஃபிக்ஹு நூல்கள் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதை எடுத்துப் பேசி, ஒன்றுக்கொன்று வேறுபட்ட விடைகளையும் தந்திருக்கின்றன. அவ்விடைகள் எவ்வாறு தோன்றின, எவ்வழியாக இன்றைய சட்டங்களோடு வந்து சேர்கின்றன, அவற்றால் நம்மீது ஏற்படும் கடமை யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஆகிலா என்னும் ஏற்பாடு

பிழையாக ஓர் உயிரைப் போக்கியவர் மீது திருமறையின் அந்நிஸா அத்தியாயத்து 92-ஆம் வசனம் இரு கடமைகளை விதிக்கிறது. ஒன்று, அடிமை ஒருவரை விடுதலை செய்யும் பரிகாரம். அதற்கு வழியில்லாதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். மற்றொன்று, இறந்தவரின் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட வேண்டிய தியத் என்னும் ஈட்டுத் தொகை. பரிகாரம் பிழை செய்தவரின் ஆன்மாவைப் பற்றியது. அதனை அவரே நிறைவேற்ற வேண்டும். தியத்தை யார் கொடுப்பது என்பதை ஸுன்னத் விளக்கியது.

ஹுதைல் குலத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டனர். ஒருத்தி எறிந்த கல் பட்டு மற்றவளும் அவள் வயிற்றில் இருந்த சிசுவும் இறந்தனர். வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, இறந்த பெண்ணுக்கான தியத்தைக் கல்லெறிந்தவளின் ‘ஆகிலா’வினர் கொடுக்க வேண்டும் என அவர்கள் தீர்ப்பளித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள இந்நிகழ்ச்சியே இவ்விஷயத்தில் இமாம்கள் அனைவருக்கும் அடிப்படை ஆதாரமாகும்.

‘அக்ல்’ என்னும் சொல்லுக்குக் கட்டுதல் என்பது பொருள். தியத்துக்குரிய ஒட்டகங்களைத் திரட்டிச் சென்று, இறந்தவரின் உறவினர் வீட்டு முற்றத்தில் கட்டி வைப்பது அரபியர் வழக்கம். அவ்வாறு கட்டுவோர் ஆகிலா எனப்பட்டனர். முழுத் தியத் நூறு ஒட்டகங்கள். இவ்வளவு பெரிய சுமையைத் தனியொருவர் தலையில் வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: அவர் முற்றாக அழிந்து போவார், அல்லது கொடுக்க இயலாமல் கைவிரிப்பார், பாதிக்கப்பட்ட குடும்பம் வெறுங்கையோடு நிற்கும். ஆகிலா இவ்விரண்டையும் தடுத்தது.

ஹிஜ்ரத்தை அடுத்து மதீனாவில் எழுதப்பட்ட சாசனத்தை இப்னு இஸ்ஹாக் (ரஹ்) பதிவு செய்துள்ளார். அதில் முஹாஜிர்கள் ஒரு பிரிவாகவும், பனூ அவ்ஃப், பனூ ஸாஇதா, பனுந் நஜ்ஜார் முதலான அன்ஸாரிக் குலங்கள் தனித்தனிப் பிரிவுகளாகவும் பெயர் சொல்லப்பட்டு, ஒவ்வொரு பிரிவும் தத்தம் தியத் பொறுப்பைக் கூட்டாக ஏற்க வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. கடன் சுமையால் நசுங்கியவரைத் தியத் விஷயத்தில் உதவாமல் விட்டுவிடக் கூடாது என்றும் விதிக்கப்பட்டது. புதிய சமுதாயம் ஒன்றின் முதல் சாசனத்திலேயே காயத்தின் விலையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இடம்பெற்றிருப்பது நம் கவனத்துக்குரியது.

குலத்திலிருந்து திவானுக்கு

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் (634–644) படைவீரர்களின் பெயர்களைப் பதிந்து உதவித்தொகை வழங்கும் ‘திவான்’ நிறுவப்பட்டது. கூஃபா, பஸரா போன்ற புதிய படைநகரங்களில் பல குலத்தவர் கலந்து வாழ்ந்தனர். ஒருவருக்கொருவர் துணைநிற்கும் உறவு இரத்தத்தைக் காட்டிலும் ஒரே பதிவேட்டில் இருப்பதால் அமைந்தது. உமர் (ரலி) அவர்கள் திவானைச் சேர்ந்தோர் மீது தியத்தை விதித்து, அவர்களுடைய உதவித்தொகையிலிருந்து மூன்று ஆண்டுகளில் பிடித்தம் செய்தார்கள் என்று ஹனஃபி அறிஞர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ, நபி (ஸல்) அவர்கள் காலத்தில் இருந்தவாறே தந்தைவழி உறவினரே ஆகிலாவினர். அதனை மாற்றுவதற்கில்லை என்றார்கள்.

இக்கருத்து வேறுபாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆகிலாவின் அடிப்படை உறவா, துணைநிற்றலா என்பதே கேள்வி. துணைநிற்றலே என்பது ஹனஃபிகளின் விடை. ஹிதாயாவின் ஆசிரியர் இமாம் மர்கீனானீ (மறைவு ஹிஜ்ரி 593 / கி.பி. 1197) இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டு செல்கிறார்: ஒரு காலத்தில் மக்கள் தொழில் அடிப்படையில் ஒருவருக்கொருவர் துணைநின்றால், அத்தொழிலைச் சேர்ந்தவர்களே ஆகிலா ஆவர். குலம், திவான், தொழிற்கூட்டம் என ஆகிலாவின் உருவம் காலத்துக்கேற்ப மாறலாம். அதன் உயிர் மாறாது என்பது இதன் கருத்து.

தலைக்கு விழும் பங்கும் சிறியதே. ஹனஃபி மத்ஹபின்படி ஒருவரிடமிருந்து மூன்று ஆண்டுகளிலும் சேர்த்து மூன்று அல்லது நான்கு திர்ஹத்துக்கு மேல் வாங்கக் கூடாது. பிழை செய்தவரும் அவர்களுள் ஒருவராகத் தம் பங்கைத் தருவார். ஷாஃபிஈ மத்ஹபில் வசதியுள்ளவர் ஆண்டுக்கு அரை தீனாரும் நடுத்தர நிலையினர் கால் தீனாரும் தருவர். ஏழை மீது ஏதும் இல்லை. வேண்டுமென்றே செய்த குற்றத்தின் சுமை ஆகிலாவின் மீது ஏற்றப்படாது, பொருட்சேதமும் அவ்வாறே. பிழையால் மனித உடலுக்கு நேர்ந்த தீங்கை மட்டுமே சமுதாயம் பகிர்ந்துகொள்ளும்.

பிழை செய்தவர் யாரென்றே தெரியாவிட்டால்? கைபரில் அப்துல்லாஹ் பின் ஸஹ்ல் (ரலி) கொல்லப்பட்டுக் கிடந்தார். கொன்றவரைச் சுட்டி நிறுவ இயலவில்லை. உறவினர் தாம் காணாத ஒன்றுக்காகச் சத்தியம் செய்ய முன்வரவில்லை. எதிர்த்தரப்பின் சத்தியத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. அப்போது நபி (ஸல்) அவர்கள் நூறு ஒட்டகங்களைத் தாமே தியத்தாக வழங்கினார்கள். ஒரு மனிதரின் உயிர் ஈடின்றி வீணாகிவிடக் கூடாது என்பதற்காகப் பொதுச் செல்வமே முன்வந்த நிகழ்ச்சி இது. இடித்துவிட்டு நிற்காமல் ஓடிவிடும் வாகனங்களின் காலத்தில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

வைத்தியர் கூலி

உயிரிழப்பு ஒருபுறம் இருக்க, காயங்களுக்கும் அளவு உண்டு. யமன் நாட்டுக்கு அம்ர் பின் ஹஸ்ம் (ரலி) வழியாக நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய மடலில் இவை வரையறுக்கப்பட்டன: விரல் ஒன்றுக்குப் பத்து ஒட்டகங்கள், பல் ஒன்றுக்கு ஐந்து, எலும்பு தெரியும் தலைக்காயத்துக்கு ஐந்து, மூளையின் சவ்வை எட்டிய காயத்துக்கு முழுத் தியத்தில் மூன்றில் ஒரு பங்கு. இவ்வாறு உறுப்புக்கும் காயத்துக்கும் தரப்படும் ஈடு ‘அர்ஷ்’ எனப்படும். அளவு குறிக்கப்படாத காயங்களுக்கு நேர்மையாளர் மதிப்பிட்டுச் சொல்லும் தொகை ‘ஹுகூமத்’ எனப்படும்.

ஆயினும் ஒரு சிக்கல் எழுந்தது. ஒருவரின் தலை உடைந்தது. வைத்தியம் பார்த்துக் காயம் ஆறி, வடுவின்றி முடியும் முளைத்துவிட்டது. இப்போது அவருக்கு என்ன கிடைக்கும்? ஹனஃபி மத்ஹபின் மூன்று பெரும் இமாம்களும் இதில் மூன்று விடைகள் தருகின்றனர்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 150 / கி.பி. 767) அவர்களின் கருத்தில், அர்ஷுக்குக் காரணமான ஊனம் நீங்கியதால் அர்ஷும் நீங்கிவிடுகிறது. வைத்தியரின் உழைப்பு ஒப்பந்தம் இருந்தால்தான் விலை பெறும். காயப்படுத்தியவர் அப்படி ஒப்பந்தம் எதையும் செய்யவில்லை. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 182 / கி.பி. 798) அவர்கள், ஊனம் போனாலும் பட்ட வேதனை பட்டதுதானே என்று கருதி, வேதனைக்குரிய ஈட்டை மதிப்பிட்டுத் தர வேண்டும் என்றார்கள். இமாம் முஹம்மத் (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 189 / கி.பி. 805) அவர்களோ வைத்தியர் கூலியையும் மருந்தின் விலையையும் காயப்படுத்தியவரே தர வேண்டும் என்றார்கள். அச்செலவு அவருடைய செயலால்தான் காயமுற்றவர் மீது விழுந்தது. ஆகவே அவ்வளவு பணத்தை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டதற்கு இது சமம் என்பது அவர்கள் காட்டும் காரணம்.

அரபுக் கல்லூரிகளில் ஹிதாயாவின் நான்காம் பாகத்தை ஓதிக்கொடுக்கும் நாம், இவ்விடத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறோம். ஆனால் விபத்துக்குப் பிந்தைய மருத்துவச் செலவு பற்றிய வாதம் முழுவதும் இச்சில வரிகளில் அடங்கியிருக்கிறது. இழந்த உறுப்புக்கு ஈடு, பட்ட வேதனைக்கு ஈடு, செய்த செலவுக்கு ஈடு என்னும் மூன்றும் வெவ்வேறானவை என்று நம் இமாம்கள் அன்றே பிரித்துணர்ந்தார்கள்.

ஈடு தாமதமாகலாம், சிகிச்சை தாமதமாகலாகாது. தியத் மூன்று ஆண்டுகளில் வசூலாவது. காயமுற்றவரோ அன்றிரவே மருந்து வேண்டி நிற்பவர். இவ்விடைவெளியை நிரப்பியவை வக்ஃபுகள். திமிஷ்கில் நூருத்தீன் ஸங்கி 1154-இல் நிறுவிய மாரிஸ்தானும், கெய்ரோவில் மம்லூக் சுல்தான் கலாவூன் ஹிஜ்ரி 683-இல் (1284) நிறுவிய மன்ஸூரி மாரிஸ்தானும் அவற்றுள் புகழ்பெற்றவை. கடைகள், விடுதிகள் முதலானவற்றின் வருமானம் மருத்துவத்துக்கென எழுதி வைக்கப்பட்டது. செல்வர், வறியவர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றிக் கட்டணம் பெறாமலே சிகிச்சை தரப்பட்டது. பொருள் யார் தருவது என்ற வழக்கு காழியின் முன்னால் நடக்கலாம். அது முடியும்வரை நோயாளி வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இவ்வக்ஃபுகள் சொல்லிய செய்தி.

மோட்டார் யுகம்

பாதையில் செல்வது எல்லோருக்கும் உரிமை. பிறர் நலனுக்கு ஊறு நேராமை அவ்வுரிமைக்கு நிபந்தனை. இது பழைய ஃபிக்ஹு விதி. சவாரி செய்பவர் தம் பிராணி மிதித்ததற்குப் பொறுப்பாவார். அது பின்னங்காலால் உதைத்ததற்குப் பொறுப்பாகார், ஏனெனில் ஓடும் பிராணியை அதிலிருந்து தடுக்க இயலாது என்று ஹிதாயா பிரித்துக் காட்டும். இவ்விதியை வாகனங்களுக்குப் பொருத்தி, இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹு அகாதமி, புரூணையின் தலைநகர் பந்தர் ஸ்ரீ பகவானில் 1993 ஜூன் மாதம் கூடியபோது தீர்மானம் இயற்றியது. ஓட்டுநர் பிறருடைய உடலுக்கும் உடைமைக்கும் நேரும் தீங்குக்குப் பொறுப்பாவார். தடுக்கவே இயலாத நிகழ்வு, பாதிக்கப்பட்டவரின் சொந்தத் தவறு, மூன்றாமவரின் செயல் ஆகியவை விதிவிலக்குகள் என்பது அதன் சாரம்.

அந்தப் பொறுப்பைத் தாங்குவது யார் என்பதில்தான் காப்பீடு பற்றிய வாதம் எழுந்தது. 1961-இல் திமிஷ்கில் நடைபெற்ற ஃபிக்ஹு மாநாட்டில் அறிஞர் முஸ்தஃபா ஸர்கா, ஆகிலா ஏற்பாட்டையும் ஓர் ஆதாரமாகக் காட்டிக் காப்பீடு கூடும் என வாதிட்டார். எகிப்திய அறிஞர் முஹம்மத் அபூஸஹ்ரா மறுத்துரைத்தார். ஆகிலா இலாபம் தேடும் வணிகம் அன்று, உறவின் கடமை என்பது மறுப்போர் தரப்பின் வாதம். ஜித்தாவில் 1985-இல் மேற்கூறிய அகாதமி, நிலையான கட்டணம் பெறும் வணிகக் காப்பீடு கூடாது. பரஸ்பர உதவியின் மீதமைந்த கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்று முடிவு செய்தது. அதற்கு முன்னரே 1979-இல் சூடானில் இஸ்லாமியக் காப்பீட்டு நிறுவனம் தோன்றிவிட்டது; மலேசியா 1984-இல் தகாஃபுல் சட்டம் இயற்றியது.

சட்டத் துறையில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. பாகிஸ்தானில் 1990-இல் அவசரச் சட்டமாக வந்து 1997-இல் நிலைபெற்ற கிஸாஸ்-தியத் சட்டம், அளவு குறிக்கப்படாத காயங்களுக்கு நீதிமன்றம் ஈடு நிர்ணயிக்கும்போது சிகிச்சைக்கான செலவு, உறுப்பின் இழப்பு அல்லது குறைபாடு, பட்ட வேதனை ஆகிய மூன்றையும் கருத வேண்டும் என்கிறது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2010-இல் வழங்கிய ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில் ஈட்டின் கூறுகளை வரிசைப்படுத்தியது: மருத்துவம், மருந்து, போக்குவரத்து, சத்துணவு ஆகியவற்றின் செலவு, வருமான இழப்பு, எதிர்கால மருத்துவச் செலவு, வலியும் வேதனையும். மூன்று இமாம்கள் தனித்தனியே பேசிய மூன்று பொருள்களும் இங்கு ஒரே பட்டியலில் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். ஒருவரிடமிருந்து மற்றவர் கடன் பெற்றதாக நாம் சொல்லவில்லை. காயமுற்ற மனிதரை நேர்மையோடு உற்று நோக்குவோர் இறுதியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றனர் என்றே சொல்கிறோம்.

நம் நாட்டுச் சட்டம்

1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம்பெற்ற மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டாயம் 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1988-ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தொடர்கிறது. காயமுற்றவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்து, வாகன உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் தர வேண்டிய தொகையைப் பெறலாம். ஆனால் இது பின்னர் வரும் பணம். மருத்துவமனைக்குக் கட்ட வேண்டியதைக் குடும்பத்தார் முதலில் கட்டிவிட்டு, இரசீதுகளைச் சேர்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது.

இந்நிலை மெல்ல மாறியது. பர்மானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், விபத்துக்குள்ளானவருக்கு உடனடிச் சிகிச்சை தருவது அரசு, தனியார் மருத்துவர் அனைவருக்கும் கடமை. சட்ட நடைமுறைகள் அதற்குத் தடையாகா என்றது. தமிழக அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்–நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்து நேர்ந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வழிசெய்தது. தொடக்கத்தில் அதன் உச்சவரம்பு ரூ.1 லட்சம். எந்த மாநிலத்தவராயினும் தமிழக எல்லைக்குள் காயமுற்றால் அவருக்கு அது பொருந்தும். பின்னர், கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ஒருவர் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசை வற்புறுத்தியது. அதன் விளைவாக 2025 மே 5 அன்று அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, நாடெங்கும் விபத்தில் காயமுற்றவர் ஏழு நாள் வரை ரூ.1.5 லட்சம் அளவுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். இடித்துவிட்டு ஓடிய வாகனத்தால் நேர்ந்த மரணத்துக்கு ரூ.25,000 ஆக இருந்த உதவித்தொகை, 2022 ஏப்ரல் 1 முதல் ரூ.2 லட்சமாகவும், கொடுங்காயத்துக்கு ரூ.12,500 ஆக இருந்தது ரூ.50,000 ஆகவும் உயர்த்தப்பட்டன.

நம் பொறுப்பு

எலும்பு முறிவும் தலைக்காயமும் ஏழு நாளில் முடிவன அல்ல. எட்டாம் நாள் முதல் தீர்ப்பாயத்தின் தொகை கைக்கு வரும் நாள்வரை உள்ள இடைவெளி இன்னும் திறந்தே கிடக்கிறது. நகை அடகுக்குப் போவதும் வட்டிக்கடன் வீட்டுக்குள் வருவதும் இவ்விடைவெளியில்தான். ஆகிலாவின் உயிர் துணைநிற்றலே என்றால், அவ்வுயிர் இன்று குடியேற வேண்டிய உடல் நம் மஹல்லா ஜமாஅத்தாகும்.

நம் ஊர்கள் பலவற்றில் பைத்துல் மால் இயங்குகிறது. அதில் விபத்துச் சிகிச்சைக்கென ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கலாம். ஸகாத் அல்லாத நிதியிலிருந்து வட்டியில்லா அழகிய கடனாகத் தந்து, ஈட்டுத் தொகை வந்தபின் திரும்பப் பெறலாம். திருப்பித் தர இயலாத ஏழைக் குடும்பத்தின் கடனை, அத்தவ்பா அத்தியாயத்து 60-ஆம் வசனம் குறிப்பிடும் ‘கடன்பட்டோர்’ பங்கிலிருந்து ஸகாத் நிதியால் அடைக்கலாம். வெள்ளிக்கிழமைகளில் விரிக்கப்படும் துண்டு காயமுற்றவரின் மானத்தையும் சேர்த்தே விரித்து வைக்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் சிறு தொகை செலுத்தி முன்னரே ஆயத்தமாக இருப்பது அதனினும் கண்ணியமானது. மூன்று நான்கு திர்ஹம் என்று நம் இமாம்கள் அளந்து வைத்ததும் அதற்காகவே.

பணத்தோடு அறிவும் வேண்டும். மேற்சொன்ன திட்டங்களை அறியாமல் முன்பணம் கட்டியவர் பலர். முதல் தகவல் அறிக்கையின் நகலும் மருந்துச் சீட்டும் இரசீதுகளும் இல்லாததால் உரிய ஈட்டை இழந்தவரும் உளர். காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் தீர்ப்பாயத்துக்கும் உடன் செல்லத்தக்க ஒருவரை ஜமாஅத் நியமிப்பது பெரும் உதவியாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காப்பீடு பற்றிய மார்க்க ஐயத்தைக் காரணம் காட்டியோ, செலவை எண்ணியோ, மூன்றாம் தரப்புக் காப்பீடு இன்றி வாகனம் ஓட்டுவோர் நம்மிடையேயும் உள்ளனர். சட்டம் கட்டாயமாக்கிய இக்காப்பீடு ஓட்டுபவரின் இலாபத்துக்கானது அன்று. அவரால் காயப்படக்கூடிய அயலாருக்கானது. அது இல்லாத வாகனம் ஒருவர் காலை முறித்துவிட்டால், உரிமையாளரிடம் கொடுக்க ஏதும் இராது. காயமுற்றவருக்கு நீதிமன்றத் தீர்ப்பு வெறும் தாளாக நிற்கும். அடியார்களின் உரிமை, அவர்களே மன்னித்தாலன்றி நீங்காது என்பதை நாம் மிம்பர்களில் ஓயாது சொல்கிறோம். பாதையில் செல்லும் உரிமைக்குப் பிறர் நலனை நிபந்தனையாக்கிய ஃபிக்ஹைப் படித்தவர்கள், அந்நிபந்தனையில் இதுவும் சேரும் என்பதை எடுத்துரைக்கத் தயங்கலாகாது. அவ்வாறே, காயமுற்றவர் பெறும் ஈட்டை ஐயத்தோடு நோக்கவும் தேவையில்லை என்பது நம் கருத்து. அது காயப்படுத்தியவர் மீது அவருக்குள்ள உரிமை. காப்பீட்டு நிறுவனம் அக்கடனை அவர் சார்பில் தீர்க்கிறது.

கிதாபுல் மஆகில் பாடத்தை, ஒட்டகங்களோடு மறைந்துபோன ஒரு காலத்தின் பாடமாக மாணவர்களுக்கு நடத்துவது எளிது. அப்பாடம் முடியும் நாளில், தங்கள் ஊரில் விபத்துக்குள்ளான ஒரு குடும்பத்தின் மருத்துவச் செலவை யார் ஏற்றார்கள் என்று விசாரித்து எழுதிவரச் சொன்னால், அவர்கள் கொண்டுவரும் விடை நம் ஜமாஅத்துகளின் நிலையை நமக்கே காட்டும். வல்ல அல்லாஹ் நம்மை ஒருவர் சுமையை ஒருவர் தாங்கும் சமுதாயமாக ஆக்கி அருள்வானாக.